தூர்ந்து போகாத துறைமுகம்

தெப்பத் திருவிழா பார்த்திருப்பீர்கள். தேர்த் திருவிழாவும் பார்த்திருப்பீர்கள். ஒரு துறைமுகத்துக்காகவே எடுக்கப்படும் திருவிழாவைப் பார்த்திருக்கிறீர்களா?

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள பிரிஸ்டல் நகரத்தில் அப்படி ஒரு விழா நடந்து வந்திருக்கிறது. ஜூலை மாதத்தில், ஒரு வார இறுதியில், நகரின் நடுவே உள்ள பழைய துறைமுகம் விழாக்கோலம் பூணும். பாய்மரக் கப்பல்களும் நீராவிப் படகுகளும் கொடிகள் பறக்க அணிவகுக்கும். கரை நெடுகப் பாட்டும் கூத்தும் கடைகளும் நிறைந்திருக்கும். பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கூட்டம் இரண்டரை லட்சத்தை எட்டியதாக மதிப்பிடப்பட்ட ஆண்டுகளும் உண்டு.

வெறும் கேளிக்கைதானே என்று நினைத்துவிடாதீர்கள். 1971-ஆம் ஆண்டில் இவ்விழா முதன்முதலாக நடைபெற்றபோது, அந்தத் துறைமுகம் இருக்குமா, மண்ணிட்டுத் தூர்க்கப்படுமா என்பதே கேள்வியாக இருந்தது. தூர்ப்பதற்கு முனைந்தவர்கள் யார்? காப்பாற்றியது எது? இவற்றைத் தெரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். வழியில் இயற்பியலையும் கொஞ்சம் தொட்டுக்கொள்வோம். ஏனெனில் பிரிஸ்டலின் வரலாற்றை எழுதியவர்கள் வணிகர்களும் மாலுமிகளும் மட்டுமல்லர். நிலவுக்கும் அதில் பங்கு உண்டு.

பாலத்தடி ஊர்

பிரிஸ்டல் என்ற பெயரின் பழைய வடிவத்துக்குப் 'பாலம் உள்ள இடம்' என்று பொருள். ஏவன் ஆற்றின்மீது ஒரு பாலம். அதையொட்டி வளர்ந்த ஊர். கடற்கரையில் அமையாமல், ஆற்றின் வழியே சில மைல் உள்ளே தள்ளி அமைந்தது இத்துறைமுகம். புயலுக்கும் கடற்கொள்ளைக்காரருக்கும் எளிதில் எட்டாத இடம்.

இந்நகரத்தார் பழங்காலத்திலேயே நீரோடு மல்லுக்கட்டத் துணிந்தவர்கள். ஏவனோடு வந்து கலக்கும் பிரோம் என்னும் சிற்றாற்றுக்கு 1240-களில் புதிய கால்வாய் வெட்டி, அதன் போக்கையே திருப்பி விட்டார்கள். கப்பல்கள் நிற்பதற்குக் கூடுதல் இடம் கிடைத்தது. 1497-ஆம் ஆண்டில் ஜான் கேபட் என்ற இத்தாலிய மாலுமி 'மாத்யூ' என்னும் சிறு பாய்மரக் கப்பலில் இங்கிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வட அமெரிக்கக் கரையை அடைந்தார்.

ஆனால் இத்துறைமுகத்துக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருந்தது. அது என்ன?

நாள்தோறும் இருமுறை

கடல் நீர் நாளில் இருமுறை உயர்வதும் இருமுறை தாழ்வதும் நீங்கள் அறிந்ததே. நிலவின் ஈர்ப்பும் கதிரவனின் ஈர்ப்பும் இதற்குக் காரணம். ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்த உயர் ஓதத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழிகிறது. அமாவாசை, பௌர்ணமி ஆகிய உவா நாள்களையொட்டி நிலவும் கதிரவனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் மிகுதியாக இருக்கும். இதை உவா ஓதம் எனலாம்.

சென்னைக் கடற்கரையில் நின்று பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு அவ்வளவாகக் கண்ணில் படாது. அங்கே வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஏவன் ஆறு கடலோடு கலக்கும் ஏவன்மவுத்தில் அது மிகுந்த நாள்களில் 14 மீட்டர் வரை செல்கிறது! நான்கு மாடிக் கட்டிடத்தின் உயரம். உலகிலேயே மிக அதிகமான ஓத வேறுபாடு உடைய இடங்களில் இப்பகுதியும் ஒன்று.

ஏன் இப்படி? காரணங்கள் இரண்டு. முதலாவது, நிலத்தின் வடிவம். பிரிஸ்டல் கால்வாய் என்னும் கடற்கழி மேற்கே அகன்றும் கிழக்கே செவர்ன் ஆற்றை நோக்கிக் குறுகியும் ஒரு புனலைப் போல அமைந்துள்ளது. அகன்ற வாயில் நுழைந்த நீர் குறுகிய இடத்துக்கு வரும்போது, பக்கவாட்டில் இடமின்றி மேல் நோக்கி எழும்புகிறது. இரண்டாவது காரணம் ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் இயல்பான அலைவு நேரத்துக்கு ஏற்பத் தட்டிக் கொடுத்தால், சிறு தட்டலே பெரிய ஆட்டத்தை உண்டாக்கும் அல்லவா? இக்கடற்பகுதியின் நீர் முன்னும் பின்னும் அசைவதற்கான இயல்பு நேரம், ஓதத்தின் 12 மணி 25 நிமிடத்துக்கு ஓரளவு அருகில் அமைந்துள்ளது. எனவே அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஒவ்வொரு ஓதமும் சரியான தருணத்தில் தரப்படும் ஒரு தட்டல் ஆகிவிடுகிறது.

இந்த வியப்பு விஞ்ஞானிகளின் கருத்தையும் கவராமல் இல்லை. பண்ட் என்ற உள்ளூர் நில அளவையாளர், ஓதத்தின் உயரத்தைத் தானே தாளில் வரைந்து காட்டும் கருவியொன்றை 1837-இல் ஏவன் கரையில் நிறுவினார். ஓதங்களைப் பற்றிப் பல நாடுகளிலிருந்தும் அளவுகளைத் திரட்டி ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹியூவெல், பிரிஸ்டல் பதிவுகளையும் பயன்படுத்திக்கொண்டார்.

சேற்றில் அமர்ந்த கப்பல்கள்

விஞ்ஞானிக்கு வியப்பாக இருப்பது மாலுமிக்கு வேதனையாக இருக்கலாம். உயர் ஓதத்தின்போது நீர் நிறைந்த ஆறு. ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சேற்றுப் பள்ளம். கரையோரம் கட்டப்பட்டிருந்த கப்பல்கள் நீர் வடிந்ததும் சேற்றில் உட்கார்ந்துவிடும். வலுவில்லாத கப்பலின் அடிப்பகுதி அதன் எடையாலேயே பிளந்துபோகும். கட்டி வைக்காத சரக்குகள் சரிந்து உருளும். ஆகவே பிரிஸ்டலுக்கு வரும் கப்பல் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். உள்ளே எல்லாப் பொருளும் அதனதன் இடத்தில் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒழுங்காக வைக்கப்பட்ட எதையும் 'பிரிஸ்டல் பாணியில் இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் சொல்வதுண்டு. அவ்வழக்கு இங்கிருந்து பிறந்ததாகக் கூறுவர்.

கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போன 18-ஆம் நூற்றாண்டில் இந்தத் தொல்லை தாங்க முடியாததாகியது. வணிகம் லிவர்ப்பூலை நாடிச் செல்லத் தொடங்கியது. விழித்துக்கொண்ட நகர வணிகர்கள் வில்லியம் ஜெசப் என்ற பொறியாளரை அழைத்தார்கள்.

ஜெசப்பின் யோசனை துணிச்சலானது. ஓதம் உள்ளே வருவதால்தானே தொல்லை? ஆற்றின் ஒரு பகுதியை ஓதத்திடமிருந்து பிரித்துவிட்டால்? நகரின் நடுவே ஓடிய பழைய ஆற்றின் இரு முனைகளையும் அடைத்து, அதை நீர் நிலையாக நிற்கும் ஒரு நீண்ட குளமாக்கினார். ஏறி இறங்கும் ஓதத்துக்கு நகரின் தெற்கே புதிய கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. 1804-இல் தொடங்கிய வேலை 1809-இல் முடிந்தது. ஏறத்தாழ 70 ஏக்கர் பரப்புள்ள நீர்நிலை உருவாயிற்று. இதன் பெயர் 'மிதவைத் துறைமுகம்'. துறைமுகம் மிதக்கிறது என்று பொருளல்ல. அதிலுள்ள கப்பல்கள் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கும் என்று பொருள்.

அப்படியானால் கப்பல்கள் உள்ளே வருவது எப்படி? அதற்கு இரட்டைக் கதவு கொண்ட நீர்ப்பூட்டுகள் உண்டு. ஆற்றுப் பக்கக் கதவைத் திறந்து கப்பல் இடையிலுள்ள தொட்டிக்குள் நுழையும். அக்கதவை மூடி, தொட்டியின் நீர்மட்டத்தைத் துறைமுகத்தின் நீர்மட்டத்துக்குச் சமமாக்கியபின் மறு கதவு திறக்கப்படும். இரு கதவுகளையும் ஒருசேரத் திறக்கலாகாது. திறந்தால் துறைமுகம் காலியாகிவிடும்.

1809 மே முதல் நாள், வேலை முடிந்த மகிழ்ச்சியில் தொழிலாளர் ஆயிரம் பேருக்கு நீர்க்கரையில் ஒரு விருந்து வைக்கப்பட்டது. இரண்டு எருதுகள் முழுதாகச் சுடப்பட்டன. ஆளுக்கு ஒரு காலன் கடும் பீர் ஊற்றப்பட்டது. பீர் தீர்ந்ததும் ஆங்கிலத் தொழிலாளருக்கும் அயர்லாந்துத் தொழிலாளருக்கும் கைகலப்பு மூண்டு, அது கலகமாக முடிந்தது! இலவசமாக நடந்த முதல் துறைமுக விழா இதுதான் போலும்.

வண்டல் என்னும் பகைவன்

ஓதத்தை வென்றாகிவிட்டது. உடனே வேறொரு பகைவன் தலைகாட்டினான். அவன் பெயர் வண்டல்.

கலங்கிய நீரை ஒரு குவளையில் எடுத்து அசையாமல் வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் மண் அடியில் படிந்துவிடும். ஓடும் நீர் சுமந்து செல்லும் மண்ணை நின்ற நீர் இறக்கி வைத்துவிடுகிறது. ஓதம் வந்து போனவரை ஆறு தன்னைத் தானே கழுவிக்கொண்டது. நீரை நிறுத்தியதும் மிதவைத் துறைமுகம் ஒரு மாபெரும் படிவுத் தொட்டி ஆகிவிட்டது. இருபது ஆண்டுகளுக்குள் பல இடங்களில் கப்பல் தரைதட்டும் நிலை வந்தது.

இதற்கு வழி சொல்ல அழைக்கப்பட்டவர் இசம்பார்டு கிங்டம் புருனெல். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். துறைமுகத்தின் ஒரு முனையில் உபரி நீர் அணையின்மேல் வழிந்து வெளியேறிக் கொண்டிருந்தது. மேலே வழிவது தெளிந்த நீர்; அடியிலுள்ள சேறு அப்படியே தங்கிவிடும். 'மேலே வழியவிடாதீர்கள், அடியிலே திறவுங்கள்' என்பதே புருனெலின் ஆலோசனையின் சாரம். நம் ஏரி மதகைப் போல, ஆழத்தில் மதகுகள் அமைக்கப்பட்டன. வெளியே தாழ் ஓதம் இருக்கும்போது மதகைத் திறந்தால், உள்ளும் புறமும் உள்ள நீர்மட்ட வேறுபாட்டால் நீர் பீறிட்டுப் பாயும்.

எவ்வளவு விரைவாக? மேனிலைப் பள்ளியில் படித்த டாரிசெல்லியின் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீர்மட்ட வேறுபாடு h எனில், வெளிவரும் விரைவு 2gh-இன் வர்க்கமூலம். வேறுபாடு 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2 × 9.8 × 5 = 98; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 10. அதாவது வினாடிக்கு 10 மீட்டர்! உராய்வால் உண்மையில் இது குறையும் என்றாலும், சேற்றை வாரிக்கொண்டு ஓட அது போதும். எந்த ஓதம் துறைமுகத்துக்குப் பகையாக இருந்ததோ, அதன் இறக்கத்தையே துப்புரவுப் பணியாளாக மாற்றியதுதான் இதன் அழகு. மதகுகள் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் வண்டலை வெளியேற்றும் முறை இன்றும் அதே அடிப்படையில்தான் நடக்கிறது.

பெரிய கப்பலும் சிறிய கதவும்

புருனெலின் பெயரைச் சொல்லிவிட்டு அவருடைய கப்பல்களைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

நீராவிக் கப்பல் அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டுமானால், சுமக்கவேண்டிய நிலக்கரியே கப்பலை நிறைத்துவிடும் என்று அக்காலத்தில் பலர் வாதிட்டார்கள். கப்பலை இருமடங்கு பெரிதாக்கினால் நிலக்கரியும் அதே விகிதத்தில் கூடத்தானே வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். புருனெல் வேறு விதமாகக் கணக்கிட்டார். கப்பலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால், கொள்ளளவு 2 × 2 × 2 = 8 மடங்காகும். ஆனால் நீர் தரும் தடை, அதில் உராயும் பரப்பைப் பொறுத்தது; அது 2 × 2 = 4 மடங்குதான். ஆகவே கப்பல் பெரிதாகப் பெரிதாக, சுமக்கும் நிலக்கரி தேவைக்கு மேல் மிஞ்சும். பிரிஸ்டலில் கட்டப்பட்ட 'கிரேட் வெஸ்டர்ன்' 1838 ஏப்ரலில் நியூயார்க்கை அடைந்தபோது, அதில் ஏறத்தாழ 200 டன் நிலக்கரி எஞ்சியிருந்தது.

அடுத்து வந்தது 'கிரேட் பிரிட்டன்'. 322 அடி நீளம். மரத்துக்குப் பதிலாக இரும்பு உடல். பக்கச் சக்கரங்களுக்குப் பதிலாகத் திருகு உந்தி. 1843 ஜூலை 19 அன்று இது மிதக்க விடப்பட்டபோது உலகின் மிகப் பெரிய கப்பல் இதுவே. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். அது பிறந்த துறைமுகத்தின் நீர்ப்பூட்டு அதற்குப் போதவில்லை! கற்களைப் பெயர்த்து வழியை அகலப்படுத்தி, 1844 டிசம்பரில்தான் அதை வெளியேற்ற முடிந்தது. மறு ஆண்டில் அது 14 நாள்களில் அட்லாண்டிக்கைக் கடந்தது. பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளைச் சுமந்தது. 1857-இல் இந்தியாவுக்கு ஆங்கிலப் படையினரையும் ஏற்றி வந்தது.

அந்தச் சிறிய கதவு ஒரு முன்னறிவிப்பு. கப்பல்கள் வளர்ந்தன, துறைமுகம் வளரவில்லை. ஆற்று முகத்திலேயே, ஏவன்மவுத்தில், 1877-இல் புதிய துறை திறக்கப்பட்டது. 1908-இல் அங்கே இன்னும் பெரிய துறை வந்தது. நகரின் நடுவிலிருந்த பழைய துறைமுகம் மெல்ல மெல்ல ஓய்வு பெறத் தொடங்கியது.

தூர்க்கத் துணிந்தார்கள்

வேலையில்லாத நீரை நகரம் எப்படிப் பார்க்கும்? 'வீணாகக் கிடக்கும் இடம்' என்று பார்க்கும். 1890-களிலேயே, முன்பு பிரோம் ஆற்றுக்காக வெட்டிய கால்வாயின் மேற்பகுதி மூடப்பட்டுவிட்டது. 1938-இல் இன்னொரு பகுதியும் மூடப்பட்டுச் சாலையும் திடலும் ஆயின. அந்நகரின் மையப் பகுதியில் நடப்பவர்கள், தங்கள் காலடியில் ஓர் ஆறு ஓடுவதை அறியாமலே நடந்தார்கள்.

1960-களில் மோட்டார் வண்டிகள் பெருகின. அகன்ற சாலைகளே முன்னேற்றம் என்று நகரமைப்பாளர்கள் நம்பிய காலம் அது. பழைய துறைமுகத்தைச் சரக்குக் கப்பல்களுக்கு மூடிவிடவும், அதன் சில பகுதிகளைத் தூர்த்துச் சாலையும் கட்டிடமும் அமைக்கவும் திட்டங்கள் தீட்டப்பட்டன. நகர மக்களில் ஒரு சாரார் கொதித்தெழுந்தார்கள். படகு வைத்திருந்தோர், கட்டிடக் கலைஞர்கள், வரலாற்று ஆர்வலர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் எதிர்த்தார்கள்.

இந்நேரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி, கதையில் வருவது போன்றது. 'கிரேட் பிரிட்டன்' கப்பல் பல தொழில்கள் பார்த்து, இறுதியில் தென் அட்லாண்டிக்கிலுள்ள பாக்லாந்து தீவுகளில் சரக்குக் கிடங்காகப் பயன்பட்டு, 1937-இல் ஓட்டையிடப்பட்டு ஆழமற்ற கரையோரம் கைவிடப்பட்டிருந்தது. 1970-இல் அதை மீட்டு, மிதவை மேடை ஒன்றின்மீது ஏற்றி, ஏறத்தாழ 8,000 மைல் கடல் வழியே இழுத்து வந்தார்கள். துருப்பிடித்த அந்தக் கூடு ஜூலை 5 அன்று ஏவன் ஆற்றின் வழியே மேலேறியபோது, இரு கரைகளிலும் பெருங்கூட்டம் கூடி நின்றது. நீர்மட்டம் போதிய அளவு உயரும்வரை இரு வாரங்கள் காத்திருந்து, ஜூலை 19 அன்று, தான் கட்டப்பட்ட அதே உலர் துறைக்குள் அது நுழைந்தது. மிதக்க விடப்பட்டு 127 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில்!

ஏன் இரு வாரம்? பழைய நாட்காட்டி கிடைத்தால் பாருங்கள். 1970 ஜூலை தொடக்கத்தில் அமாவாசை. ஜூலை 18 பௌர்ணமி. உவா நாளுக்கு ஓரிரு நாள் கழித்தே ஓதம் உச்சத்தை அடையும். கப்பலை வீடு சேர்த்ததிலும் நிலவுக்குப் பங்கு இருந்தது!

முதல் துறைமுக விழா மறு ஆண்டு, 1971-இல் நடந்தது. எதிர்ப்பு என்றால் முழக்கமும் ஊர்வலமும் மட்டுந்தானா? 'இந்த நீர் வீணானது அன்று; வந்து பாருங்கள்' என்று ஊரையே கரைக்கு அழைத்து வருவதும் ஓர் எதிர்ப்பு முறைதான். அழைப்பில் கட்டணம் இருந்தால் பணமுள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். இலவசம் என்பதால், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் குழந்தைகளும் வரலாம். கண்ணால் கண்டு மகிழ்ந்த ஒன்றை இழக்க யாரும் எளிதில் சம்மதிப்பதில்லை.

1975-இல் நகரத் துறைமுகம் வணிகக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. ஆனால் தூர்க்கப்படவில்லை. சரக்குக் கிடங்குகள் கலைக்கூடங்களாகவும் அருங்காட்சியகமாகவும் மாறின.

விழாவில் காணத்தக்கவை

இவ்விழாக்களில் ஆர்வமுள்ள மாணவன் பார்த்து நிற்கவேண்டியவை பல. 1878-இல் நிறுவப்பட்ட நீராவிப் பாரந்தூக்கி 35 டன் எடையைத் தூக்கவல்லது. அதன் கை நேராக இல்லாமல் கொக்கின் கழுத்துப் போல வளைந்திருக்கும். அந்த வளைவினால்தான் கப்பலின் பக்கச் சுவரில் இடிக்காமல் நடுவயிற்றிலிருந்து பாரத்தை எடுக்க முடிகிறது. 1861-இல் கட்டப்பட்ட 'மேபிளவர்' என்ற நீராவி இழுவைப் படகும் பேணப்பட்டு வருகிறது. கேபட்டின் 'மாத்யூ'வைப் போலவே கட்டப்பட்ட மாதிரிக் கப்பல், 500 ஆண்டு நிறைவில், 1997-இல் உண்மையாகவே அட்லாண்டிக்கைக் கடந்தது.

'கிரேட் பிரிட்டன்' காக்கப்படும் முறையும் அறியத்தக்கது. கடலில் கிடந்த இரும்பில் உப்பிலுள்ள குளோரைடு ஊறிவிடுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, துருப்பிடித்தலை விரைவுபடுத்தும். வண்ணம் பூசினால் மட்டும் நிற்காது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேற்போகாமல் வைத்தால் அரிப்பு ஏறத்தாழ நின்றுவிடும் என்று ஆய்வில் கண்டார்கள். பாலைவனத்தின் வறட்சி அது! கப்பலின் நீர்மட்டக் கோட்டில் சுற்றிலும் கண்ணாடித் தளம் அமைத்து, அதன்மேல் சிறிதளவு நீர் நிற்க விட்டு, கீழே இயந்திரங்களால் காற்றை உலர்த்துகிறார்கள். இந்த ஏற்பாடு 2005-இல் முற்றுப்பெற்றது. மேலிருந்து பார்த்தால் கப்பல் நீரில் மிதக்கிறது. கீழிறங்கிப் பார்த்தால் பாலைவனத்தில் நிற்கிறது.

சொல்லாமல் விட்ட கதை

இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால் படிக்க இனிமையாக இருக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது.

அந்தத் துறைமுகத்தை வளமாக்கிய சரக்குகளில் சர்க்கரையும் புகையிலையும் முதன்மையானவை. அவற்றை விளைவித்தவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்ட மக்கள். 1698 முதல் 1807 வரை இந்த ஒரு துறைமுகத்திலிருந்து மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அடிமை வணிகப் பயணங்கள் புறப்பட்டன. அவற்றில் ஏற்றப்பட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏராளமானோர் கடலிலேயே மாண்டார்கள். 1787-இல் தாமஸ் கிளார்க்சன் என்ற இளைஞர் பிரிஸ்டலுக்கு வந்து, கரையோரச் சாராயக் கடைகளில் மாலுமிகளிடம் விசாரித்துச் சான்றுகள் திரட்டினார். அடிமை வணிகத்தை ஒழிக்க நடந்த இயக்கத்துக்கு அச்சான்றுகள் படைக்கலமாயின.

அறிவியல் வரலாற்றிலும் இந்த இழை ஓடுகிறது. எதிர்த்துகளை முன்னறிந்த பால் டிராக் 1902-இல் பிரிஸ்டலில் பிறந்தவர். அவர் இளமையில் படித்த தொழில்நுட்பப் பள்ளியின் பெயரில் 'துணிகர வணிகர்கள்' என்ற சொற்கள் இருந்தன. அப்பள்ளியை நடத்தியது அந்நகரின் பழைய வணிகர் சங்கம். அடிமை வணிகத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று வாதாடி வழி திறந்துகொண்டதும் அதே சங்கம்தான். இதனால் டிராக்கின் பெருமை குன்றிவிடாது. ஆனால் நாம் படிக்கும் பெயர்களுக்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வதும் கல்விதான்.

1996-இல் பிரிஸ்டலில் பன்னாட்டுக் கடல் விழா ஒன்று மிகப் பெரிதாக நடந்தது. கேபட்டும் புருனெலும் கொண்டாடப்பட்டார்கள். அடிமைகளைப் பற்றி எங்கே பேச்சு என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி வீண் போகவில்லை. 1999-இல் நகர அருங்காட்சியகத்தில் அடிமை வணிகம் பற்றிய கண்காட்சி நடந்தது. அதே ஆண்டு துறைமுகத்தின் குறுக்கே திறக்கப்பட்ட நடைபாலத்துக்குப் 'பெரோ' என்று பெயரிட்டார்கள். பெரோ, மேற்கிந்தியத் தீவான நெவிசிலிருந்து ஒரு தோட்ட முதலாளியால் பிரிஸ்டலுக்கு அழைத்து வரப்பட்ட அடிமை.

2020 ஜூன் 7 அன்று, அடிமை வணிகத்தில் பங்கு கொண்ட எட்வர்டு கோல்ஸ்டனின் சிலையை மக்கள் கூட்டம் பெயர்த்து இழுத்துவந்து, பெரோ பாலத்தின் அருகே இதே துறைமுக நீரில் தள்ளியது. சில நாள்களில் அது வெளியே எடுக்கப்பட்டது; 2021-இல் கரையோர அருங்காட்சியகத்தில், பூசிய வண்ணத்தோடு, கிடந்த நிலையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. அச்செயல் சரியா தவறா என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

துறைமுகத்துக்கு அருகிலேயே, நகர மண்டபத்தின் எதிரில், 1997-இல் நிறுவப்பட்ட ஓர் இந்தியரின் சிலையும் உண்டு. அவர் ராஜா ராம்மோகன் ராய். இங்கிலாந்து சென்ற அவர் 1833 செப்டம்பரில் பிரிஸ்டலில்தான் காலமானார். துவாரகநாத் தாகூரின் பொருளுதவியால் இந்தியப் பாணியில் எழுப்பப்பட்ட அவரது நினைவு மண்டபம் இன்றும் அந்நகரின் கல்லறைத் தோட்டம் ஒன்றில் நிற்கிறது.

விழாவின் பொருள்

வாசகர்களே, ஒரு நகரம் தன் கடல் மரபைக் கொண்டாடுகிறது என்றால், அது எதைக் கொண்டாடுகிறது? ஓதத்தை வென்ற அறிவையா? உலகைச் சுற்றிய துணிவையா? அந்தத் துணிவின் நிழலில் கைவிலங்கோடு கிடந்தவர்களை என்ன செய்வது? விழாவை நிறுத்திவிடலாம் என்று சொல்வாரும் உண்டு. பழையதைப் பேசி விழாவைக் கெடுக்காதே என்று சொல்வாரும் உண்டு. இரண்டுமே தூர்ப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னது நீரைத் தூர்க்கிறது. பின்னது நினைவைத் தூர்க்கிறது.

1971-இல் தூர்க்கப்பட்டிருந்தால் விழா இராது. 'கிரேட் பிரிட்டன்' நிற்கும் இடம் இராது. பெரோவின் பெயரைச் சொல்லப் பாலமும் இராது. கீழே நீர் இருந்தால்தானே பாலம் வேண்டும்? நீரைக் காத்தவர்கள் தங்களை அறியாமலே இந்தக் கேள்விகளையும் காத்துக் கொடுத்தார்கள்.

நின்ற நீரில் வண்டல் படிவது இயற்கை விதி. அதற்காகக் குளத்தை மூடிவிட வேண்டியதில்லை. மேலாக வழியவிட்டுத் தெளிந்த நீரைக் காட்டி ஏமாற்றிக்கொள்ளவும் வேண்டியதில்லை. அடிமதகைத் திறந்துவிட வேண்டும். இளைஞர் புருனெல் அந்நகரத்தாருக்குச் சொன்னது இதைத்தான். தாழ் ஓதத்தில் மதகு திறக்கும்போது வெளியேறும் நீர் பார்க்க அழகாக இராது. கறுத்து, கலங்கி, சேறாகத்தான் வரும். ஆனால் அப்படித் திறந்துவிடுவதனால்தான் உள்ளே கப்பல்கள் மிதக்கின்றன.